ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி ஐந்து லட்சத்தை இழப்பதா?

"பாய், பாலிசியில பேர் மாத்த மூவாயிரத்து ஐநூறு ஆகும். ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த ரினியூவல்ல உங்க பேருக்குப் போட்டுக்கலாம்."

பழைய கார் ஒன்றை வாங்கிய நம் சகோதரர் ஒருவரிடம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்ன வார்த்தைகள் இவை. சகோதரர் ஜவுளி வியாபாரி. காருக்கே கையிலிருந்த பணத்தையெல்லாம் புரட்டிக் கொடுத்திருந்தார். பாலிசி முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. "ஆறு மாசத்துக்காக மூவாயிரத்து ஐநூறா? அல்லாஹ் காப்பாத்துவான்" என்று சொல்லி, பழைய உரிமையாளரின் பெயரிலிருந்த பாலிசியை அப்படியே டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

நமக்கு மனம் கேட்கவில்லை. அவரை அழைத்துக்கொண்டு நேரடியாகக் கம்பெனியின் கிளைக்கே போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியரிடம், "எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டோம். எழுதிக் கொடுத்தார். அதில் பெயர் மாற்றக் கட்டணம் என்று இருந்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 50 ரூபாய்!

அப்படியானால் மூவாயிரத்து ஐநூறு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாததால்தான் நம் சமுதாயத்து வியாபாரிகளும் இளைஞர்களும் ஆண்டாண்டாக ஏமாந்து வருகிறார்கள். ஏமாந்தது நூறு, ஆயிரம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பெயர் மாற்றாமல் விட்டதால் லட்சங்களை இழக்கும் நிலை வருகிறதே, அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

கட்டணம் எது? கட்டணம் அல்லாதது எது?

வாகன இன்சூரன்ஸ் பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் செய்யப்படும் திருத்தத்துக்கு 'என்டார்ஸ்மென்ட்' என்று பெயர். உரிமையாளர் பெயர் மாறலாம். முகவரி மாறலாம். பைனான்ஸ் கடன் அடைந்து எச்.பி. கேன்சல் ஆகலாம். வண்டிக்கு கேஸ் கிட் பொருத்தலாம். இவை எல்லாமே பாலிசியில் ஏறியாக வேண்டிய மாற்றங்கள்.

2002 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற விதித் தொகுப்பு, வண்டி கைமாறும்போது புதிய உரிமையாளர் பெயரில் சான்றிதழ் வழங்க 50 ரூபாய் வசூலிக்கலாம் என்று எழுதி வைத்தது. 2007 ஜனவரி முதல், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரிவில் பிரீமியத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் கம்பெனிகளுக்கு வழங்கப்பட்டது. ஆகவே உங்கள் கம்பெனி எவ்வளவு வாங்குகிறது என்பதை அந்தக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டுப் பெறுவதுதான் முறை. ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதைக் கம்பெனியின் கட்டணம் என்று நம்பிவிடக் கூடாது.

நம் சகோதரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காரின் சொந்தச் சேதப் பிரிவுக்கான ஆண்டு பிரீமியம் 8,000 ரூபாய். பழைய உரிமையாளர் பல ஆண்டுகள் எந்த கிளெய்மும் வாங்காதவர். அதனால் அவருக்கு 'நோ கிளெய்ம் போனஸ்' 50 சதவீதம் கழிவு கிடைத்து, 4,000 மட்டுமே கட்டியிருந்தார். இந்தப் போனஸ் வண்டிக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. வண்டியை விற்றவர் அதைத் தன்னோடு எடுத்துச் சென்று தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவருக்கு அந்தச் சலுகையில் உரிமை இல்லை. ஆகவே மீதி ஆறு மாதத்துக்குரிய வித்தியாசம் 2,000 ரூபாயை அவர் கட்ட வேண்டும். அதோடு கட்டணம் 50. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 369. ஆக மொத்தம் 2,419 ரூபாய்.

ஏஜென்ட் கேட்டதோ 3,500! இடையில் நிற்கும் 1,081 ரூபாய்க்கு ரசீது எங்கே? கம்பெனியின் கணக்கில் அது இல்லை. அரசின் கணக்கிலும் இல்லை.

இங்கே இரண்டு உண்மைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2,000 ரூபாய் என்பது கட்டணமே அல்ல. இன்னொருவருக்குரிய சலுகையை நாம் அனுபவிக்காமல் இருப்பதற்காகக் கட்டும் நியாயமான பிரீமியம். அதைக் கொடுக்கத் தயங்குவது நமக்கு அழகல்ல. ஆனால் அதையும் கட்டணத்தையும் தன் கூலியையும் ஒன்றாகக் கலந்து, "பேர் மாத்துற சார்ஜ்" என்று ஒரே தொகையாகச் சொல்வது இருக்கிறதே, அதுதான் மோசடி.

ஏஜென்ட் அலைந்து திரிந்து வேலை செய்கிறார். அதற்குக் கூலி கேட்கிறார் என்றால், "இது என் கூலி" என்று சொல்லிக் கேட்கட்டும். உழைப்புக்குக் கூலி வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. விருப்பமுள்ளவர் கொடுப்பார். விருப்பமில்லாதவர் தானே கிளைக்குப் போய்வருவார். கூலியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

பெயர் மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

"பாலிசிதான் உயிரோடு இருக்கிறதே, யார் பெயரில் இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மில் ஏராளம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு, வண்டி கைமாறும்போது இன்சூரன்ஸும் புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே கருதப்படும் என்கிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துத் தன் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, தானாகவே மாறிவிடும்" என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள்.

அந்த ஆறுதல் பாதி உண்மைதான். 157-வது பிரிவின் பாதுகாப்பு 'தர்டு பார்ட்டி'க்கு மட்டுமே. அதாவது உங்கள் வண்டி மோதிப் பாதிக்கப்பட்ட வெளியாருக்கு இழப்பீடு கிடைக்கும். உங்கள் வண்டி நொறுங்கினாலோ, திருடு போனாலோ, எரிந்தாலோ, அந்தச் சேதத்துக்கான பிரிவு தானாக மாறாது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. வாங்கியவர் தனியாக எழுதிக் கேட்டு, விற்றவர் சம்மதம் கொடுத்து, கம்பெனி ஏற்றுக்கொண்டு திருத்தினால்தான் அது மாறும்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. பாலிசியோடு சேர்த்து, வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அந்தப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்க மூன்று நிபந்தனைகள். அவர் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளராக இருக்க வேண்டும். பாலிசியில் அவர் பெயர் இருக்க வேண்டும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். பெயர் மாற்றாத வண்டியை ஓட்டிச் சென்று ஒரு வாலிபர் இறந்துபோனால், அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பாலிசியிலிருந்து என்ன கிடைக்கும்? ஆழமாகச் சிந்தியுங்கள் சகோதரர்களே!

விற்றவரும் தப்பித்துவிட முடியாது. பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. வண்டியை விற்றுப் பணத்தை வாங்கிச் செலவழித்து மறந்துபோனவர், யாரோ எங்கோ செய்த விபத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டும்.

29, 30-ம் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, "அவங்க மாத்திக்குவாங்க" என்று வீட்டுக்குப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த வண்டி தவறானவன் கைக்குப் போனால் காவல்துறை முதலில் தட்டுவது யார் வீட்டுக் கதவை? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக் கதவை. அந்தப் பெயர் ஒரு முஸ்லிமின் பெயராக இருந்தால் தட்டும் சத்தம் எவ்வளவு பலமாக இருக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50-வது பிரிவு சொல்வது நம் நன்மைக்கும்தான்.

காயல்பட்டினமும் கோவையும் கற்றுத் தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிளந்துகொண்டு பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நமது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை! அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. 2015 டிசம்பரிலும் சென்னை இதே காட்சியைக் கண்டது. தண்ணீரில் மூழ்கிய வண்டிகளுக்கு இழப்பீடு தருவது பாலிசியின் எந்தப் பிரிவு? சொந்தச் சேதப் பிரிவு. பெயர் மாற்றாதவருக்குத் தானாக மாறாத அதே பிரிவுதான்!

1997 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கோவையில் நம் வியாபாரிகளின் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வியர்வை சிந்திச் சேர்த்த பொருள் ஒரே நாளில் சாம்பலானது. அந்தக் காயத்தைச் சுமப்பவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். வாகனங்களுக்கான ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தீ, திருட்டு, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு கலவரத்தால் ஏற்படும் சேதமும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எந்த நேரத்தில் எந்த ஊரில் கல் பறக்கும், தீ பரவும் என்று தெரியாத நாட்டில் வாழும் சமுதாயம், சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பைச் சில ஆயிரம் ரூபாய்த் தயக்கத்தால் இழக்கலாமா?

"இன்சூரன்ஸே ஹராம்தானே!"

நமது இளைஞர்களில் ஒரு சாராரிடம் வேறொரு வாதம் இருக்கிறது. "இன்சூரன்ஸே கூடாது என்று உலமாக்கள் சொல்கிறார்கள். போலீசுக்குப் பயந்து கட்டுகிறோம். அதைப் படித்துப் பார்க்க வேறு வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

வணிக ரீதியான இன்சூரன்ஸில் நிச்சயமற்ற தன்மையும் வட்டியும் கலந்திருக்கின்றன என்பதில் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக இன்சூரன்ஸைக் கூடாது என்றும், பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை ஆகுமானது என்றும் முடிவு செய்தது. அதே சமயம், நமது நாட்டின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில், இங்குள்ள கலவரச் சூழலையும் நிர்ப்பந்தத்தையும் கருத்தில் கொண்டு, இன்சூரன்ஸுக்கு இடமளித்தது. சட்டம் கட்டாயமாக்கிய தர்டு பார்ட்டி இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, நிர்ப்பந்தம் என்ற வகையில் அதை அனுமதிக்கும் ஆலிம்கள் பலர். ஃபுல் இன்சூரன்ஸ் பற்றி ஐயமுள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நிர்ப்பந்தமாகவே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், அதைப் படிக்காமல் கையெழுத்திடச் சொல்லி எந்த மார்க்கம் சொன்னது? குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம், அல்முதஃப்பிஃபீன், இறங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தையும் கணக்கையும் இந்த அளவுக்கு வலியுறுத்தும் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் சமுதாயம், இன்சூரன்ஸ் தாளை மட்டும் மடித்து டேஷ்போர்டில் போட்டுவிட்டு, "பேர் மாத்தலாமா வேண்டாமா?" என்று ஏஜென்ட்டிடம் ஃபத்வா கேட்கிறது!

ஹராம் என்று விலகுபவர் முழுமையாக விலகட்டும். சட்டப்படி தர்டு பார்ட்டி மட்டும் எடுத்துக்கொண்டு, வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் பொறுமை கொள்ளட்டும். அது ஈமானுக்குரிய உறுதி. ஆனால் ஃபுல் இன்சூரன்ஸுக்குப் பிரீமியமும் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றாமல் பலனையும் இழப்பது எந்த வகையில் தக்வா? அது வெறும் அலட்சியம்.

வியாபாரிகள் கவனத்துக்கு

வியாபாரிகளுக்கு இன்னும் சில ஆபத்துகள் உண்டு. தனியார் உபயோகத்துக்கான கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது என்று அது சொல்கிறது. சாம்பிள்களும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டுமே விதிவிலக்கு. ஆம்னி வேனில் ஜவுளி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் சகோதரர்களே, விபத்து நடந்த இடத்தில் மூட்டைகள் இருந்தால் உங்கள் கிளெய்ம் என்ன ஆகும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? தொழிலுக்குத்தான் வண்டி என்றால், அதற்குரிய பதிவையும் பாலிசியையும் எடுப்பதே பாதுகாப்பு.

கேஸ் கிட் பொருத்தினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். கிட்டின் மதிப்புக்கு ஏற்பக் கூடுதல் பிரீமியம் வரும். இதுவும் கட்டணமல்ல, கூடுதல் பாதுகாப்பின் விலை.

பைனான்ஸ் கடனை அடைத்துவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எச்.பி. கேன்சல் செய்வதோடு வேலை முடிந்துவிடாது. பாலிசியிலும் பைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுவதும் நாசமான நாளில், என்றோ அடைத்த கடனுக்காக என்.ஓ.சி. வாங்க அலைய வேண்டியிருக்கும்.

இரண்டு, மூன்று வயதுக் கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு தர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. சொந்தச் சேதப் பிரிவை 2019 செப்டம்பர் முதல் தனியாகவும் எடுக்க முடிகிறது. ஆகவே ஒரே காருக்கு இரண்டு கம்பெனிகளில் இரண்டு பாலிசிகள் இருக்கலாம். ஒன்றில் பெயர் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

பாலிசியைத் தொடர விருப்பமில்லை என்றால் ரத்து செய்யவும் வழி உண்டு. 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட உத்தரவின்படி, தனிநபர் வாடிக்கையாளர் காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்யலாம். ஓராண்டு வரையிலான பாலிசியில் கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால், மீதிக் காலத்துக்குரிய பிரீமியத்தை விகிதப்படி கம்பெனி திருப்பித் தர வேண்டும். ஆனால் வண்டி சாலையில் ஓடும்வரை தர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் ஒரு நாள்கூட அறுந்திருக்கக் கூடாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

தானியக் குவியலின் அடியில் ஈரம்

இதுவரை கம்பெனியையும் ஏஜென்ட்டையும் பேசினோம். நம்மையும் பேச வேண்டாமா? பழைய வாகனங்களை வாங்கி விற்கும் தொழிலில் நம் சமுதாயத்தவர் கணிசமாக இருக்கிறார்கள். ஹலாலான, நல்ல தொழில். ஆனால், "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு பாய், இன்னும் எட்டு மாசம் லைஃப் இருக்கு" என்று சொல்லி விற்கும்போது, "அது உங்கள் பெயருக்கு மாறாதவரை உங்கள் வண்டிக்குச் சல்லிக்காசு உத்தரவாதமில்லை" என்பதையும் எத்தனை பேர் சொல்கிறோம்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்ட செய்திதான். மாறாத இன்சூரன்ஸைக் காட்டி வண்டி விற்பது, ஈரத்தை அடியில் வைத்து விற்பதல்லாமல் வேறென்ன? கட்டணத்தோடு தன் கூலியை மறைத்துச் சேர்க்கும் ஏஜென்ட்டும் இதே குவியலைத்தான் விற்கிறார். அவர் நம்மவராக இருந்தாலும் சரி, பிறராக இருந்தாலும் சரி, ஈரம் ஈரம்தான்.

பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதைச் சுமையாகப் பார்க்காமல், தொழிலை ஒழுங்காக்கிக்கொள்ளும் வாய்ப்பாக நம் வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நமது கோரிக்கைகள்

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் ஒன்றிய, மாநில அரசுகளும் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, பாலிசியோடு தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில், பெயர் மாற்றம், முகவரி மாற்றம், எச்.பி. நீக்கம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு என்று ரூபாயில், தமிழில் அச்சிட வேண்டும். பத்துப் பக்க ஆங்கிலப் பாலிசியைக் கொடுத்துவிட்டு, "நீங்கள் படித்திருக்க வேண்டும்" என்று சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது, ரசீதில் பிரீமிய வித்தியாசம் தனியாகவும், கட்டணம் தனியாகவும், வரி தனியாகவும் காட்டப்பட வேண்டும். எழுத்துப் பிழை, முகவரி போன்ற சிறு திருத்தங்களுக்குக் கட்டணமே கூடாது. கணினியில் சில நிமிடத்தில் முடியும் வேலைக்கு விலை எதற்கு?

மூன்றாவது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும் அதே விண்ணப்பத்திலேயே இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் வழி செய்ய வேண்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கணினியில் பார்த்து அபராதம் போடத் தெரிந்த அரசுக்கு, அதே கணினியில் பெயரை மாற்றித் தரத் தெரியாதா?

நான்காவது, வட்டி கலவாத தகாஃபுல் முறைக்கு இந்நாட்டில் அனுமதி வேண்டும். மலேசியா 1984-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. அண்டை நாடான இலங்கையில் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் இயங்கிவருகிறது. கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் இந்தியாவில் மட்டும், கட்டாயமாக இன்சூரன்ஸ் எடு என்று சட்டம் சொல்கிறது. மனசாட்சிக்கு ஒத்த இன்சூரன்ஸுக்கு வழி திறக்க மறுக்கிறது. இது என்ன நீதி?

மஹல்லா இளைஞர்களே!

அரசு செய்யும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிவாசல் வளாகத்திலோ நமது கிளை அலுவலகத்திலோ இரண்டு மணி நேரம் உட்காருங்கள். மஹல்லாவில் உள்ள ஆட்டோ, லோடு ஆட்டோ, கார், பைக் உரிமையாளர்களை ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? முகவரி சரியா? அடைத்த கடன் இன்னும் தாளில் தொங்குகிறதா? இந்த மூன்றை மட்டும் பாருங்கள்.

பெயர் மாறவில்லை என்றால் விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுங்கள். வண்டி எண், வாங்கிய தேதி, விற்றவர் பெயர், பாலிசி எண், சொந்தச் சேதப் பிரிவையும் மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை, அதற்கு விற்றவரின் சம்மதம், இவை அதில் இருக்க வேண்டும். கம்பெனிக்குச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்ட வேண்டிய தொகையைக் கம்பெனியிடமே செலுத்திக் கம்பெனியின் ரசீதையே வாங்குங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் அதன் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) முறையிடலாம். அங்கே கட்டணமில்லை. வக்கீலும் தேவையில்லை.

நாம் தொடக்கத்தில் சொன்ன ஜவுளி வியாபாரி அன்றே கிளையில் 2,419 ரூபாயைக் கட்டினார். சில நாட்களில் அவர் பெயரில் சான்றிதழ் வந்தது. "இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?" என்று சிரித்தார். பயந்தது பணத்துக்கல்ல, தெரியாததற்கு. தெரியாமை இருக்கும் இடத்தில்தான் மறைத்து வாங்கும் கட்டணங்கள் முளைக்கின்றன.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதுதான் தவக்குல். நமது டேஷ்போர்டில் கிடக்கும் அந்தத் தாளை இன்றிரவே எடுத்துப் பிரித்துப் படிப்போமா? அதில் இருப்பது நம் பெயர்தானா என்று பார்ப்போமா?

அல்லாஹ் நமக்கு விழிப்புணர்வைத் தந்தருள்வானாக!